தேங்கிய சரக்கு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரத்திலிருந்து தெற்கே பார்ட்ஸ்டவுன் போகும் வழியில், ஊர் நெருங்க நெருங்க மரங்கள் கறுத்துக்கொண்டே வருகின்றன. அடிமரம், கிளை, வேலிக்கம்பு, தபால் பெட்டி, ஒரு வீட்டின் தகரக் கூரை என்று எல்லாமே கரி பூசிய நிறம். தீப்பிடித்து அணைந்த தோப்போ என்று தோன்றும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மச்சினன் கண்ணாடியை இறக்கினான். "மோந்து பாருங்க அத்தான். இங்க காத்துலயே சரக்கு இருக்கு. அதைக் குடிச்சு வளர்ற பூஞ்சைதான் இது."

அவன் மிகைப்படுத்தவில்லை. பௌடோயினியா என்பது அந்தப் பூஞ்சையின் பெயர். பீப்பாய்க் கிடங்குகளிலிருந்து கசியும் ஆல்கஹால் ஆவி எங்கெல்லாம் படிகிறதோ அங்கெல்லாம் இது வளரும். பிரான்சின் கோன்யாக் பகுதியில், பிராந்திக் கிடங்குச் சுவர்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வடிசாலைக்காரர்களுக்கு இது தொழில் நடக்கிறது என்பதற்கான அடையாளம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ வருடா வருடம் சுவரைக் கழுவும் செலவு. வழக்குப் போட்டவர்களும் உண்டு.

ஆவியாகிப் போகும் அந்தப் பகுதியைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். கென்டக்கி வெயிலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் போய்விடும். 53 கேலன், அதாவது 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாயை 20 வருடம் விட்டுவைத்தால் பாதிகூட மிஞ்சாது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஆசை, வரிசை, களவு, சச்சரவு எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்குதான் கிடக்கிறது.

மச்சினன் லூயிவில்லில் ஒரு சரக்கு விமான நிறுவனத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறான். ஊரில் இருந்தவரை பீர்கூடத் தொடாதவன். இங்கே வந்த பிறகு பர்பன் விஸ்கிப் பித்துப் பிடித்து, நிலவறையில் அலமாரி அடித்து, பாட்டில்களைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றி வைத்திருக்கிறான். குடிப்பது என்னவோ கொஞ்சம்தான். "இது குடிப்பழக்கம் இல்லக்கா, படிப்பு" என்று என் மனைவியிடம் தொலைபேசியில் அவன் அடிக்கடி சொல்வது காதில் விழுந்திருக்கிறது. அந்தப் படிப்பு என்னவென்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

பர்பன் என்று பெயர் போட வேண்டுமானால் அமெரிக்கச் சட்டம் கறாராகச் சில நிபந்தனைகள் வைக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உள்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில்தான் ஊற வேண்டும். கலத்துக்குள் போகும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் 40க்குக் குறையக் கூடாது. தண்ணீர் தவிர எதையும் சேர்க்கக் கூடாது. நிறமி கிடையாது, எசென்ஸ் கிடையாது. நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட்டை வைத்துச் செய்தது என்பதை அறிந்தவனுக்கு இந்தக் கறார் கொஞ்சம் பொறாமையைக் கிளப்பும். கென்டக்கியில்தான் வடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அமெரிக்காவில் எங்கே வேண்டுமானாலும் வடிக்கலாம். ஆனாலும் பெரும்பகுதி இங்கேதான் உற்பத்தியாகிறது. சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வரும் தண்ணீரில் இரும்பு இருக்காது என்பதை முதல் காரணமாகச் சொல்கிறார்கள்.

புதிய கலம் என்ற விதியால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒருமுறை பர்பன் ஊறிய பீப்பாயை இவர்கள் மறுபடி பர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் அவை ஸ்காட்லாந்துக்கும் மெக்சிகோவுக்கும் போகின்றன. கோவாவுக்கும் பெங்களூருக்கும் வருகின்றன. அம்ருத், பால் ஜான் இரண்டுமே பழைய பர்பன் பீப்பாய்களில் சரக்கை ஊறவைக்கின்றன. பெங்களூர் வெயிலில் தேவதைகள் இன்னும் தாராளமாகக் குடிக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல்.

வடிசாலைகளைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தானியம் அரைக்கும் இடம், ஊறல் தொட்டிகள், செம்புக் கொப்பரை, கிடங்கு, கடைசியில் கடை. ஊறல் தொட்டி அறை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேலான மரத் தொட்டிகளில் மஞ்சள் கூழ் தானாகக் கொதித்துக் குமிழிட்டுக்கொண்டிருக்கும். விரலை விட்டுச் சுவைக்கச் சொன்னார்கள். கோடைக் காலையில் பொங்கி வழிந்த இட்லி மாவின் அதே புளிப்பு வாசம். முந்தைய ஊறலில் கொஞ்சம் எடுத்து அடுத்ததில் சேர்ப்பதால் அந்தப் புளிப்பு. லொரெட்டோ கிராமத்தில் இருக்கும் மேக்கர்ஸ் மார்க்கில், பாட்டில் கழுத்தைச் சிவப்பு மெழுகில் நாமே முக்கி எடுக்கலாம். 1950களில் மார்ஜி சாமுவேல்ஸ் என்ற பெண்மணி கண்டுபிடித்த அலங்காரம் அது. கணவர் காய்ச்சினார், இவர் பெயரும் பாட்டிலும் மெழுகும் கொடுத்தார். இன்று கடைக்கு வருகிறவர்கள் முதலில் அடையாளம் காண்பது அந்த மெழுகைத்தான்.

பார்ட்ஸ்டவுனில் எனக்கு மறக்காதது 1996 நவம்பர் 7 பற்றிய பேச்சு. ஹெவன் ஹில் நிறுவனத்தின் கிடங்கொன்றில் தீப்பிடித்தது. அன்றைக்குப் பலத்த காற்று. ஏழு கிடங்குகள், 90,000 பீப்பாய்களுக்கு மேல், வடிசாலையும் சேர்ந்து போயிற்று. எரியும் சாராயம் சரிவில் ஆறாக இறங்கி ஓடியது என்று ஊர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகள் போட்டி நிறுவனங்களின் வடிசாலைகளில் இடம் வாங்கித்தான் ஹெவன் ஹில் காய்ச்சியது. வியாபாரப் பகையும் குடும்ப உறவும் பின்னிக் கிடக்கும் சின்ன மாநிலம். பீம் குடும்பத்து ஆட்கள் மட்டுமே பல நிறுவனங்களில் தலைமை வடிப்பாளர்களாக இருந்திருக்கிறார்கள்.

இந்தக் குடும்பக் கதைகளில் ஒன்று விடுபட்டுப்போகிறது. லேபிள்களில் கர்னல்களும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். உள்நாட்டுப் போருக்கு முன் ஊறலைக் கிளறி, பீப்பாய் உருட்டி, அடுப்பெரித்தவர்களில் பலர் அடிமைகள். பக்கத்து மாநிலமான டென்னசியில் ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவரே நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பினத்தவர். அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது கடந்த பத்தாண்டுக்குள்தான். நாங்கள் போன இடங்களில் வழிகாட்டிகள் இதைக் கேட்டால் சொன்னார்கள். கேட்காமல் சொன்னவர் ஒருவர்தான்.

பிராங்க்ஃபர்ட்டில் பஃபலோ டிரேஸ் வடிசாலை வாசலுக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் வரிசை வளர்ந்திருந்தது. மடக்கு நாற்காலி, போர்வை, காபிக் குடுவை. கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. அன்றைக்கு எந்தச் சரக்கு வெளியே வரும் என்பது முன்கூட்டி உறுதியில்லை. பிளான்டன்ஸ் வரலாம், வெல்லர் வரலாம், ஈ. ஹெச். டெய்லர் வரலாம். ஆளுக்கு ஒன்று. அடையாள அட்டையை ஸ்கேன் செய்துகொள்வார்கள். வாங்கிய ரகத்தையே மறுபடி வாங்கச் சில மாதம் காத்திருக்க வேண்டும். ஓஹையோவிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்திருந்த ஒரு பெரியவர் எனக்கு முன்னால் நின்றார். அவருக்குத் தேவை சரக்கு அல்ல, மூடி.

பிளான்டன்ஸ் பாட்டிலின் தக்கை மேல் ஒரு குதிரையும் ஜாக்கியும் உலோகத்தில் வார்க்கப்பட்டிருக்கும். மொத்தம் எட்டு வகை. குதிரை நிற்பதில் தொடங்கி, ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி ஜாக்கி கையை உயர்த்துவது வரை. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எழுத்து இருக்கும். எட்டையும் சேர்த்தால் பெயர் முழுமையாகும். அந்தப் பெயரில் 'என்' இரண்டு முறை வருகிறது என்பதால் இரண்டாவது என்னுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு புள்ளிகள். பெரியவரிடம் ஏழு இருந்தன. புள்ளி வைத்த என்தான் அகப்படவில்லை. பெட்டிக்குள் எது இருக்கிறது என்று பிரிக்காமல் தெரியாது. "பேரனுக்குப் பலகையில் பதித்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன், அவன் கல்லூரிக்கே போய்விட்டான்" என்றார். அன்றைக்கு வந்தது பிளான்டன்ஸ் அல்ல, வெல்லர். அதையும் வாங்கிக்கொண்டார்.

1984இல் எல்மர் டி. லீ என்ற தலைமை வடிப்பாளர்தான் பிளான்டன்ஸைக் கொண்டுவந்தார். பல பீப்பாய்களைக் கலக்காமல் ஒரே பீப்பாய்ச் சரக்கை ஒரு பாட்டிலில் அடைப்பது அதன் புதுமை. ஏன் அந்த ஆண்டு, ஏன் அந்த யோசனை என்று கேட்டால்தான் கதை சுவாரசியமாகிறது. அப்போது பர்பனை அமெரிக்காவில் சீந்துவார் இல்லை. 1970க்குப் பிறகு இளைஞர்கள் வோட்காவுக்கும் ஒயினுக்கும் போய்விட்டார்கள். பர்பன் என்றால் அப்பன் குடிக்கும் சரக்கு, பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில் கீழ்த்தட்டில் இருப்பது. வடிசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஏற்கெனவே வடித்தது கிடங்குகளில் தேங்கியது. தேங்கியதைக் காசாக்க, உயர்ந்த ரகம் என்று பெயர் சூட்டி விற்க ஒரு வழி தேவைப்பட்டது. அதையும் முதலில் அதிகம் ரசித்தவர்கள் ஜப்பானியர்கள். இன்றைக்கும் அந்தப் பிராண்டின் சொந்தக்காரர் ஒரு ஜப்பானிய நிறுவனமே. லாரன்ஸ்பர்க்கில் இருக்கும் ஃபோர் ரோசஸ் கதை இன்னும் விசித்திரம். 1950களின் இறுதியில் அதன் உரிமையாளரான சீகிராம் அசல் பர்பனை உள்நாட்டுச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டு வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பியது. உள்ளூரில் அதே பெயரில் மட்டமான கலப்புச் சரக்கு. 2002இல் ஜப்பானின் கிரின் நிறுவனம் வாங்கிய பிறகுதான் கென்டக்கிக்காரன் தன் ஊர்ச் சரக்கை ஊர்க் கடையில் வாங்க முடிந்தது.

இந்தத் தேக்கத்தின் உச்சக் கதை பேப்பி. லூயிவில்லின் ஷைவ்லி பகுதியில் 1935ஆம் ஆண்டு டெர்பி குதிரைப் பந்தய நாளில் ஸ்டிட்ஸல்-வெல்லர் வடிசாலை திறந்தது. நடத்தியவர் ஜூலியன் வான் விங்கிள். பேப்பி என்று செல்லப் பெயர். மக்காச்சோளத்தோடு ரை என்ற தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்ப்பது அவர்கள் பாணி. காரம் தணிந்து இனிப்பு தூக்கலாக இருக்கும். 1965இல் அவர் இறந்தார். 1972இல் குடும்பம் வடிசாலையை விற்றது. 1992இல் அங்கே அடுப்பு அணைந்தது. பேரன் மூன்றாம் ஜூலியன் மட்டும் பழைய பீப்பாய்களை வாங்கி அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். வேறு யாரும் கேட்காத, வயதாகிவிட்டது என்று ஒதுக்கிய பீப்பாய்கள். பர்பனை நான்கு, ஆறு, எட்டு வருடத்தில் இறக்கிவிடுவதே வழக்கம்; அதற்கு மேல் விட்டால் மரம் கசக்கும் என்பது பாலபாடம். அவர் 1990களில் 20 வருடச் சரக்கை வெளியிட்டார். சிகாகோவில் இருக்கும் சுவை மதிப்பீட்டு நிறுவனமொன்று அதற்கு நூற்றுக்கு 99 கொடுத்தது. அதிலிருந்து பிடித்தது சனி.

இன்றைக்குப் பேப்பி வான் விங்கிள் 23 வருடப் பாட்டிலுக்கு நிறுவனம் சொல்லும் விலை சில நூறு டாலர். வெளியே கைமாறுவது பல ஆயிரம் டாலருக்கு. நம் டாஸ்மாக் மாதிரி மாநில அரசே கடை நடத்தும் பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் குலுக்கல் போட்டு விற்கிறார்கள். 2013இல் பஃபலோ டிரேஸிலிருந்து பேப்பி 20 வருடச் சரக்குப் பெட்டி பெட்டியாகக் காணாமல் போனது. விசாரித்தால் உள்ளே வேலை பார்த்தவரே வருடக்கணக்கில் கடத்தியிருந்தார். 2015இல் ஒன்பது பேர் மீது குற்றச்சாட்டு. ஓரிகன் மாநிலத்திலோ 2023இல் மது ஆணையத்தின் உயர் அதிகாரிகளே பேப்பி பாட்டில்களைத் தங்களுக்கு ஒதுக்கிக்கொண்டது வெளிவந்து, தலைமை அதிகாரி பதவியிழந்தார். லஞ்சத்துக்குக்கூட ருசி தெரிந்தவர்கள்.

இதில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இருபது வருடச் சரக்கு இன்று இருக்கிறதென்றால், இருபது வருடத்துக்கு முன் அதை யாரும் வாங்கவில்லை என்று பொருள். நன்றாக விற்கும் காலத்தில் எவனும் பீப்பாயை அவ்வளவு நாள் சும்மா வைத்து, பாதியைக் காற்றுக்குத் தாரை வார்க்க மாட்டான். சேகரிப்பவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடும் அந்தக் கால பாட்டில்கள் எல்லாம், அந்தக் காலத்தின் தோல்விகள். கைவினைத் திறமை, குடும்ப ரகசியம் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை மாலை மச்சினனின் குழு கூடியது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டு நிலவறை. விமானி, பல் மருத்துவர், மரத் தச்சர், மச்சினன் என்று கலவையான கூட்டம். மேசை மேல் கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த கிளென்கேர்ன் கோப்பைகள், ஒரு கூஜா தண்ணீர், சொட்டு விடும் குழாய், உப்பில்லாத பிஸ்கட், துப்புவதற்கு ஒரு குவளை. சைடு டிஷ் என்று பெரிதாக ஒன்றுமில்லாதது என் தமிழ் மனதுக்குக் குறைதான். வண்டி ஓட்ட வேண்டியவர்கள் துப்பினார்கள், மச்சினனும் அப்படியே. ஒவ்வொருவருக்கும் ஊற்றியது 15 மில்லி. நம் ஊர்க் குவார்ட்டர்காரர் பார்த்தால் பரிதாபப்படுவார்.

முகர்வதற்கே தனிப் பாடம் நடந்தது. மூக்கை உள்ளே நுழைக்கக் கூடாது. வாயைச் சற்றே திறந்துகொண்டு, கோப்பை விளிம்பில் மெல்ல இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடி மூக்கை மரக்க வைத்துவிடும். முதல் வாய் கணக்கில் சேராது, நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாயைச் சில நொடி மென்று முழுங்க வேண்டும். ஜிம் பீமின் பூக்கர் நோ சொல்லிக்கொடுத்த முறை என்று இதைக் கென்டக்கிச் சவைப்பு என்கிறார்கள். விழுங்கியதும் நெஞ்சில் இறங்கும் சூட்டுக்கும் அவர்களிடம் செல்லப் பெயர் உண்டு. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். அந்த ஒரு சொட்டில் வாசம் மாறுவதை நான் நம்பவில்லை, மாறியது. மூடிக் கிடந்த வெனிலா மேலே வந்தது.

ஆசிரியை அன்றைக்குத் திறக்க வைத்திருந்தது, ஸ்டிட்ஸல்-வெல்லரில் வடித்த ஒரு பழைய ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு. யாரோ இறந்துபோன வீட்டின் சாமான் விற்பனையில், தையல் மிஷினுக்கு அடியில் கிடைத்ததாம். இப்படி மறந்துபோன கடைகளிலும் வீடுகளிலும் தூசி படிந்த பாட்டில் தேடுவது இவர்களில் ஒரு தனிக் கிளை. அவர் பாட்டிலை என் கையில் கொடுத்து, வயது சொல்லச் சொன்னார். பிறகு தானே ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கண்ணாடியிலேயே மேடு எழுத்தில், இந்தப் பாட்டிலை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம் என்ற வாசகம். மதுவிலக்கு முடிந்த பிறகு 1935இல் தொடங்கி 1964 வரைதான் அதை வார்த்தார்கள். கள்ளச் சரக்குக்காரர்கள் பழைய பாட்டிலில் நிரப்பாமல் இருக்க. ஆகவே 1964க்கு முந்தையது. அளவு மில்லியில் இல்லை, குவார்ட்டில் ஐந்தில் நான்கு. மெட்ரிக் வந்தது 1980 வாக்கில். கர்ப்பிணிகளுக்கான அரசு எச்சரிக்கை இல்லை. அது 1989இல்தான் வந்தது. மூடிக்கு மேல் குறுக்காக ஒட்டிய வரி முத்திரைத் தாள் பச்சை நிறம். சாதாரணச் சரக்குக்குச் சிவப்பு. பச்சை என்றால் 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு பூட்டிய கிடங்கில் குறைந்தது நான்கு வருடம் ஊறி, ஒரே வடிசாலையின் ஒரே பருவத்து வடிப்பாக, சரியாக 50 சதவீதத்தில் அடைத்தது. புகையிலைச் சாறும் அயோடினும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில் குடிப்பவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. பூதக்கண்ணாடியால் அந்தப் பச்சைத் தாளைப் பார்த்தால் இரண்டு தேதிகள்: வடித்தது 1955 வசந்தம், அடைத்தது 1961 இலையுதிர்காலம். பேப்பி உயிரோடு இருந்து, ஸ்டிட்ஸல்-வெல்லரில் புகை வந்துகொண்டிருந்த காலம்.

சரக்கு கழுத்துக்குக் கீழே தோள் வரை இறங்கியிருந்தது. பாட்டிலுக்குள் விஸ்கிக்கு வயதாகாது. பீப்பாயிலிருந்து இறங்கிய நாளோடு அதன் வளர்ச்சி நின்றுவிடும். மூடி சரியில்லாவிட்டால் ஆவியாகிக் குறையும், அவ்வளவுதான். ஒயின் மாதிரி படுக்க வைக்கவும் கூடாது. தக்கையைச் சாராயம் அரித்துவிடும். ஆசிரியை சவர பிளேடால் பச்சைத் தாளை இரண்டாக அறுத்தார். பல் மருத்துவர் வாய்க்குள்ளே ஏதோ முனகினார். அறுக்காமல் இருந்தால் அதன் விலை என்ன என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

லேபிளை மறைத்துக் குடிப்பது அந்த வீட்டு விதி. நாலு கோப்பைகள், அடியில் எண் ஒட்டி. அந்தப் பழையது, வெல்லர் 12 வருடம், இக்காலத்துக் கோதுமைப் பர்பன் ஒன்று, ஈவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள். இந்தக் கடைசியும் 1897 சட்டப்படி அடைத்ததுதான். இருபது டாலரைச் சுற்றிக் கிடைக்கும், எந்தக் கடையிலும் இருக்கும். வெல்லருக்கோ அடிதடி. பேப்பிக்கு என்ன தானியக் கலவையோ அதே கலவை இதற்கும் என்ற தகவல் பரவிய நாளிலிருந்து அதன் விலையும் ஏறிவிட்டது.

பழையதை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டோம், நான் உட்பட. வெண்ணெயில் பிரட்டிய சர்க்கரை, பழைய தோல் செருப்பு, உலர்ந்த செர்ரி, அதற்கடியில் ஈரப் பரண் வாசம் மாதிரி என்னவோ ஒன்று. அடர்த்தியாக நாக்கில் படிந்து வெகுநேரம் இறங்கவே இல்லை. இன்றைய சரக்கில் அது இல்லை. காரணம் என்ன என்பதில்தான் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. பீப்பாய்க்குள் போகும் சாராயத்தின் வீரியத்துக்கு 1962 வரை உச்சவரம்பு 55 சதவீதம், பிறகுதான் 62.5 ஆக உயர்த்தினார்கள். வீரியம் குறைவாக இருந்தால் மரத்திலிருந்து இறங்கும் இனிப்பு வேறு, கடைசியில் கலக்க வேண்டிய தண்ணீரும் குறைவு என்றார் தச்சர். ஓக் மரமே அந்தக் காலத்தில் வயதானது, நெருக்கமான ரேகை கொண்டது என்று அவரே ஒரு பலகைத் துண்டை எடுத்துக் காட்டினார். விமானிக்கு இதில் நம்பிக்கையில்லை. நல்ல பாட்டில்கள் மட்டும்தான் பத்திரப்படுத்தப்பட்டன, அந்தக் காலக் குப்பையெல்லாம் அப்போதே குடித்துத் தீர்ந்துவிட்டது என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம் சாய்ந்தேன், ஆனால் கோப்பை தச்சர் பக்கம் பேசியது.

மற்ற மூன்றில் அதிக வாக்கு வாங்கியது எண் மூன்று. திருப்பிப் பார்த்தால் வெள்ளை லேபிள். வெல்லர் கடைசி. பல் மருத்துவர் வெல்லருக்குக் கொடுத்திருந்த குறிப்பு, "இளசு, தக்காளிச் செடி வாசம்". அவர் அலமாரியில் அது ஒரு பெட்டி இருக்கிறதாம். யாரும் பெரிதாகக் கேலி செய்யவில்லை. எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும் போல. முத்திரை உடைக்காதவர்களை இந்தக் குழுவில் சேர்ப்பதில்லை என்று ஆசிரியை சொன்னார். வாங்கி வைத்து விலை ஏறியதும் விற்பவர்கள் மேல் அவருக்கு இருக்கும் கோபத்தை வகுப்பறைக் கண்டிப்போடுதான் சொன்னார். உரிமம் இல்லாமல் தனியார் மது விற்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் நடக்கிறது. 2018 முதல் கென்டக்கியில் உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை விலைக்கு வாங்கி விற்கலாம். தாத்தாவின் பரணில் கிடந்ததற்கு இப்படி ஒரு நேர்வழி வந்தது நல்லது. தாத்தாவின் பரண்களெல்லாம் வேகமாகக் காலியாகிவிட்டன என்பது ஆசிரியையின் புலம்பல்.

மறுநாள் மச்சினன் குழுவுக்காக ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுக்கப் போனோம். கடைக்காரர் ஒருவர் வழியாக முழுப் பீப்பாயையே வாங்கி, நூற்றைம்பது சொச்சம் பாட்டில்களில் குழுவின் ஸ்டிக்கர் ஒட்டிப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. கிடங்கின் நடு மாடியில் மூன்று பீப்பாய்களை உருட்டி வைத்திருந்தார்கள். ஒரே நாள் வடித்தவை, ஒரே கலவை. மேல் மாடி தகிக்கும். அங்கே தண்ணீர் அதிகம் ஆவியாகி வீரியம் ஏறும். கீழே குளிர்ச்சி, நிதானம். வெயிலில் சாராயம் மரத்துக்குள் ஏறும், பனியில் வெளியே வரும். அந்தப் போக்குவரத்துதான் நிறமும் ருசியும். செம்புக் குழாயை அடைப்புத் துளையில் விட்டு, கட்டை விரலால் மேல் துளையை மூடி, உறிஞ்சி எடுத்து ஊற்றினார் கிடங்குக்காரர். முதல் பீப்பாய் காரம். இரண்டாவது வெறும் மரம். மூன்றாவதில் வாழைப்பழமும் கிராம்பும். ஒரே கூரைக்குக் கீழே சில அடி தள்ளிக் கிடந்தவை இவ்வளவு மாறியிருப்பதைப் பார்த்த பிறகு, இந்தப் பித்து எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. விலைப் பைத்தியத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது.

திரும்பும் வழியில் புதுக் கிடங்குகள் வரிசையாக நின்றன. பூஞ்சை இன்னும் பிடிக்காத வெள்ளைச் சுவர்கள். 2025 தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் ஊறிக்கொண்டிருந்த பர்பன் பீப்பாய்கள் ஏறத்தாழ 1.6 கோடி, மக்கள்தொகை 45 லட்சம். அந்த வருடமே விற்பனை சரிந்தது. வரிச் சண்டையில் கனடாவின் பல மாகாணங்கள் அமெரிக்கச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கின. இந்தியா மட்டும் 2025 பிப்ரவரியில் பர்பன் மீதான வரியை 150இலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. "மறுபடி தேங்குது அத்தான்" என்றான் மச்சினன். கவலையா சந்தோஷமா என்று அவன் குரலிலிருந்து சொல்ல முடியவில்லை. இந்தக் கிடங்குகளில் இப்போது கிடப்பதை 2045இல் எவனாவது வரிசையில் நின்று வாங்குவான் என்பது அவன் கணக்கு.

ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு லிட்டர் வரைதான் அனுமதி என்பதால் தேர்வு எளிது. வீரியம் 70 சதவீதத்தைத் தாண்டிய ஒன்றைக் கொடுக்க முன்வந்தான். விமானத்தில் அது ஏறாது. அப்படிப்பட்டவற்றை இவர்கள் அபாயப் பொருள் என்று பெருமையாகவே அழைக்கிறார்கள். ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் இரண்டு வாங்கிக்கொண்டேன். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று முகம் சுளித்தவன், உள்ளே போய் அறுபது மில்லி மருந்து பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான். ஆசிரியை எனக்கென்று ஊற்றிக் கொடுத்த ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு. வெள்ளை டேப்பில் 1955/1961 என்று பேனாவால் எழுதி, மூடியைச் சுற்றி ஆய்வகத்தில் பயன்படுத்தும் பாராஃபிலிமை இழுத்து ஒட்டியிருந்தார்கள்.

"சாமி அலமாரிக்குப் பக்கத்துல வச்சு அழகு பார்க்காதீங்க அத்தான். பாட்டில்ல பாதிக்குக் காத்து இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள குடிச்சிடணும்."

"சென்னை வெயிலுக்கு, மாப்ள?"

"பதினஞ்சு நாள்."